ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர், பொறியாளர், பேருந்து நிறுவன உரிமையாளர், வேளாண் ஆய்வாளர். ஜி. டி. நாயுடு என்ற பெயரிலேயே பரவலாக அறியப்படுகிறார். தொடக்கக் கல்விக்கு மேல் பள்ளியில் படிக்காத இவர், பொறியியலைத் தன் முயற்சியால் கற்றுக்கொண்டார். மிக மெல்லிய சவரப் பிளேடு, உலர் மின்கலத்தில் இயங்கும் ரேசன்ட் என்னும் சவரக்கருவி, உள்நாட்டில் செய்யப்பட்ட மின்மோட்டார், மலிவு விலை வானொலிப் பெட்டி, இருவர் அமரும் சிறு கார் ஆகியவை இவர் பெயருடன் இணைத்துப் பேசப்படுபவை. இந்தியாவின் எடிசன் என்று இவரை அழைப்பது வழக்கம். எடிசனைப் போல இவருடைய கருவிகள் எல்லாம் சந்தைக்கு வந்துவிடவில்லை. பட்டறையில் நன்றாக ஓடிய பல கருவிகள் தொழிற்சாலைப் பொருளாக மாறாமலே நின்றுவிட்டன. இவரது வாழ்க்கையைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூரை அடுத்துள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் நாயுடு பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு ஓர் உழவர். குடும்பத்தின் வீட்டுமொழி தெலுங்கு. பள்ளிப் படிப்பில் சிறுவனுக்கு நாட்டம் இருக்கவில்லை. ஆசிரியர்களின் முகத்தில் மண்ணை வீசிவிட்டு ஓடினார் என்று சொல்லப்படுவதுண்டு. பள்ளியை விட்டபின் தோட்ட வேலைகளைப் பார்த்துக்கொண்டே, கையில் கிடைத்த தமிழ் நூல்களைத் தாமே படித்தார்.

இளமையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இவரது வாழ்க்கையின் திசையை மாற்றியது. ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் ஆங்கில நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் வண்டியை நாயுடு அதுவரை பார்த்ததில்லை. அத்தகைய வண்டி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்துடன் கோயம்புத்தூருக்கு நடந்தே சென்றார். அங்கே ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்து 300 ரூபாய் சேர்த்தார். அந்தப் பணத்தில் ஒரு ரட்ஜ் வண்டியை வாங்கினார்.

வாங்கியவுடன் அதில் ஏறி ஊர்வலம் வராமல், பகுதி பகுதியாகக் கழற்றிப் போட்டு, ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கிறது என்று பார்த்து மீண்டும் பூட்டினார். நாயுடு படித்த முதல் பொறியியல் பாடம் இதுவே எனலாம். அப்போது வண்டியைப் பழுது பார்க்கும் கூடங்கள் கோவைப் பகுதியில் அரிது. எனவே வண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவருக்கு வேலையும் தானாகவே தேடி வந்தது. 1912 ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த ரட்ஜ் வண்டி கோவையிலுள்ள நாயுடு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

பேருந்துத் தொழில்

இடையில் பருத்தித் தொழிலில் இறங்கித் திருப்பூரில் பொருள் ஈட்டிய நாயுடு, பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அதனை இழந்து ஊர் திரும்பினார். அதன்பின் வணிகத்தைவிட எந்திரமே தமக்கு உரியது என்று முடிவு செய்தார் போலும்.

1920 ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்துடன் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். இதற்குத் துணை நின்றவர் கோவையின் தொழில் முன்னோடிகளில் ஒருவரான இராபர்ட் ஸ்டேன்ஸ் (1841–1936). பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்தை நாயுடுவே ஓட்டினார். பழனி முருகன் கோயிலுக்குச் செல்லும் அடியவர் கூட்டம் ஆண்டு முழுவதும் இருந்ததால் இத்தடத்தில் பயணிகளுக்குக் குறைவில்லை. சில ஆண்டுகளில் யூ. எம். எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இவரது நிறுவனம், நாட்டிலேயே மிகச் செம்மையாக நடந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது.

இந்நிறுவனத்தில் பேருந்துகளைவிட முக்கியமானது அதன் பட்டறை. அக்காலத்தில் வண்டியின் உதிரி உறுப்புகள் கப்பலில்தான் வர வேண்டும். ஓர் உறுப்பு உடைந்தால் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். எனவே கடைசல் எந்திரம், துளைப்பான், சாணை ஆகியவற்றை வைத்து வேண்டியதைச் செய்துகொள்ளும் பழக்கம் அங்கே வளர்ந்தது. பிற்காலத்தில் நாயுடு செய்த கருவிகள் பலவற்றுக்கும் வேர் இந்தப் பட்டறைப் பழக்கத்தில் இருக்கிறது.

வெளிநாட்டுப் பயணங்கள்

1930களில் நாயுடு இங்கிலாந்து, ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளுக்குச் சென்று தொழிற்சாலைகளையும் பொருட்காட்சிகளையும் பார்த்தார். ஒளிப்படக் கலையிலும் திரைப்படக் கருவிகளிலும் ஈடுபாடு கொண்டிருந்த இவர், 1936 ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் படம் எடுத்துள்ளார். திரைப்படக் கருவிகளில் பொருளின் தொலைவுக்கு ஏற்ப வில்லையைச் சரிசெய்யும் தூரச் சீரமைப்பான் ஒன்றை இவர் உருவாக்கியதற்கு இந்த ஈடுபாடே காரணம்.

மெல்லிய பிளேடு

நாயுடுவின் கண்டுபிடிப்புகளில் பொதுமக்களிடையே அதிகம் பேசப்படுவது சவரப் பிளேடு. பார்வைக்கு எளிய பொருளாகத் தோன்றும் இதனைச் செய்வது, கனமான எந்திரம் ஒன்றைச் செய்வதைவிடக் கடினமானது. அதன் பின்னணியைச் சிறிது விளக்கினால் இவரது முயற்சியின் அளவு புரியும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை முகச்சவரம் என்பது மடக்குக் கத்தியால் செய்யப்பட்டது. கத்தியை அவ்வப்போது தோல்வாரில் தீட்ட வேண்டும். அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட், தேய்ந்ததும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடையும் அதனைப் பிடிக்கும் பாதுகாப்பு ரேசரையும் 1903 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டு வந்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இவை வழங்கப்பட்டதால் பழக்கம் உலகெங்கும் பரவியது. இந்தியாவுக்கு இவை இறக்குமதிப் பொருளாக வந்தன.

இருபுறமும் கூருள்ள பிளேடு ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஜில்லெட்டின் தொடக்க காலப் பிளேடுகள் இதனைவிடச் சற்றுத் தடித்தவை, சுமார் 0.15 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய தகட்டை முதலில் ஒரே சீரான தடிமனில் உருட்டி எடுக்க வேண்டும். பின்பு அதனைச் செந்தணல் நிறத்துக்குச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்க வேண்டும். தடித்த உளியை இப்படித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துவிடலாம். மெல்லிய தகட்டை அவ்வாறு தோய்த்தால் அப்பளம் போல் நெளிந்துவிடும். நெளிந்த தகட்டில் நேரான கூர் வராது. கடினமாக்கிய பின் மிதமாக மீண்டும் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். குறைவாகச் சூடாக்கினால் கூர் உடையும், அதிகமாகச் சூடாக்கினால் மழுங்கும். இதற்குப் பின்னரே சாணை பிடித்தல், நுண்சாணை, தோலில் தீட்டுதல் ஆகிய படிகள் வருகின்றன.

தடிமன் குறையக் குறைய எஃகு மிச்சமாகும், கூரும் எளிதாக அமையும். ஆனால் ஒவ்வொரு படியிலும் பிழைக்கு இடம் சுருங்கும். நாயுடு தம் பிளேடை வழக்கத்தைவிட மெல்லியதாக அமைத்தார் என்பதன் பொருள், இந்தச் சங்கிலி முழுவதையும் அவர் கையாண்டார் என்பதே. அக்காலப் பிளேடுகள் எல்லாம் கரிம எஃகால் ஆனவை. ஈரம் துடைக்காமல் வைத்தால் ஓரிரு நாளில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகில் பிளேடு பரவலாக வந்தது 1960களில்தான்.

ரேசன்ட்

நாயுடு ஜெர்மனியில் இருந்தபோது உருவாக்கிய சவரக்கருவி ரேசன்ட் என்ற பெயர் பெற்றது. இதன் உடலுக்குள்ளேயே ஒரு சிறு மோட்டாரும் அதனை ஓட்டும் உலர் மின்கலங்களும் அடங்கியிருந்தன.

மின் சவரக்கருவி என்ற கருத்து அப்போது உலகுக்கே புதிது. அமெரிக்கரான ஜேக்கப் சிக் 1930 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்று, 1931 ஆம் ஆண்டில் தம் கருவியை விற்கத் தொடங்கினார். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் சுழலும் தலை கொண்ட கருவியை 1939 ஆம் ஆண்டில் வெளியிட்டது. சிக்கின் கருவி வீட்டுச் சுவரில் உள்ள மின்முனையில் செருகி ஓட்ட வேண்டியது. 1930களில் தமிழ்நாட்டின் ஊர்களில் மின்முனை உள்ள வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். டார்ச் விளக்குக்கான மின்கலமோ பெட்டிக்கடை வரை வந்துகொண்டிருந்தது. ரேசன்ட் உலர் மின்கலத்தில் ஓடியதைப் புதுமைக்காகச் செய்த வேலையாக மட்டும் பார்ப்பது சரியன்று. மின்சாரம் வராத ஊரிலிருந்து வந்தவரின் சிந்தனை அது. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி போன்ற காற்றாடி ஒன்றையும் இவர் செய்தார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கையில் பிடிக்கும் கருவிக்குள் மோட்டாரை வைக்கும்போது புதிய சிக்கல் ஒன்று எழுகிறது. மோட்டார் ஓடினால் அதிர்வு வரும். அதிர்வு வந்தால் கூர்முனை தன் இடத்திலிருந்து நகரப் பார்க்கும். சாதாரண ரேசரில் கூட, பிளேடு தன் பிடிப்பிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும், கூருக்கும் காப்புச் சட்டத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி உள்ளது என்பதும் மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில் அமைய வேண்டும். நீட்டல் கூடினால் தோல் வெட்டுப்படும், குறைந்தால் மயிர் அறாது. ஒரு முனை ஏறியும் மறு முனை இறங்கியும் இருந்தால் இரண்டு குறைகளும் ஒருங்கே வரும். மெல்லிய பிளேடு எளிதில் வளையும் என்பதால் அதனை இருபுறமும் இறுகத் தாங்கிப் பிடிக்கும் தலையும் தேவை.

இதே சிக்கலைத் தச்சர்கள் கையாளும் மின்சார இழைப்புளியில் பெரிய அளவில் காணலாம். மோட்டாரால் சுழலும் ஓர் உருளையில் பெரும்பாலும் இரண்டு பிளேடுகள் பூட்டப்பட்டிருக்கும். கருவியின் அடித்தட்டு முன், பின் என இரண்டு துண்டாக இருக்கும். பிளேடின் கூர்முனை தன் சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்துக்கு வரும்போது பின் தட்டின் மட்டத்துக்குச் சரியாக ஒத்திருக்க வேண்டும். முன் தட்டை எவ்வளவு உயர்த்திக்கொள்கிறோமோ அவ்வளவு ஆழத்துக்கு மரம் சீவப்படும். பிளேடு பின் தட்டின் மட்டத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் பலகையின் கடைசியில் பள்ளம் விழும். உள்ளடங்கியிருந்தால் கருவி மரத்தின் மேல் ஏறி, சீவாமலே வழுக்கிச் செல்லும். இரண்டு பிளேடுகளில் ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது ஒன்றே வேலை செய்யும், அதிர்வும் கூடும். பழகிய தச்சர்கள் மின் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கருவியைத் தலைகீழாகக் கிடத்தி, பின் தட்டின் மேல் நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்து, உருளையைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். பிளேடு சட்டத்தை இலேசாக உரசிச் செல்ல வேண்டும். இரு ஓரங்களிலும் அந்த உரசல் ஒன்றுபோல் இருந்தால் பிளேடு சரியாக அமர்ந்துள்ளது என்று பொருள். ஜப்பானின் மக்கிட்டா நிறுவனம் இத்தகைய கையடக்க இழைப்புளியை 1958 ஆம் ஆண்டில் வெளியிட்டது. மோட்டாரையும் பிளேடையும் ஒரே கைப்பிடிக்குள் அடக்கும் கருவிகளின் வரிசையில் ரேசன்ட் மிகச் சிறியது, அதனால் பிழைக்கு மிகக் குறைந்த இடம் தருவது.

1939 ஆம் ஆண்டில் தொடங்கிய இரண்டாம் உலகப் போர் ஜெர்மனிக்கும் பிரித்தானிய இந்தியாவுக்கும் இடையிலான வணிகத்தை முற்றாக அறுத்தது. பிளேடுக்கு வேண்டிய தரமுள்ள மெல்லிய எஃகுத் தகடு அப்போது இந்தியாவில் உருட்டப்படவில்லை. நாடு விடுதலை பெற்ற பின் இந்தியச் சவரப் பிளேடுச் சந்தை வேறு நிறுவனங்களின் கைக்குச் சென்றது. நாயுடுவின் பிளேடும் ரேசன்டும் இன்று காட்சிப் பொருள்களே.

மின்மோட்டார்

பிளேடுக்கு வாய்க்காதது மோட்டாருக்கு வாய்த்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியதை அடுத்துக் கோவைப் பகுதிக்கு மலிவான மின்சாரம் கிடைத்தது. பஞ்சாலைகள் பெருகின. கோவை வட்டாரம் மழை குறைந்த பகுதி. கிணறுகள் ஆழமானவை. எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்து நீர் பாய்ச்சி வந்த உழவருக்கு, மின்சாரத்தில் ஓடும் இறைப்பி பெரும் வரமாகத் தெரிந்தது. ஆனால் மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன.

நாயுடு, து. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையை நடத்தினார். அங்கே 1937 ஆம் ஆண்டில் உருவான மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் எனக் குறிப்பிடப்படுகிறது. பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

மோட்டாரிலும் நுட்பம் ஓர் இடைவெளியில்தான் இருக்கிறது. நிலையாக நிற்கும் பகுதிக்கும் உள்ளே சுழலும் பகுதிக்கும் இடையே மில்லிமீட்டருக்கும் குறைவான காற்றிடைவெளி சுற்றிலும் ஒரே அளவில் அமைய வேண்டும். இடைவெளி பெரிதானால் மின்சாரம் வீணாகும். ஒரு பக்கம் சிறிதானால் இழுவிசை ஒருபக்கமாகித் தாங்கிகள் தேய்ந்துபோகும். எனினும் இதற்கு வேண்டிய வார்ப்பிரும்பையும் செப்புக் கம்பியையும் கோவையில் திரட்ட முடிந்தது. பழுது பார்க்க ஆட்கள் இருந்தார்கள், வாங்குவதற்கு உழவர்களும் ஆலைகளும் இருந்தன. பிளேடுக்கும் மோட்டாருக்கும் இருந்த வேறுபாடு இதுவே. பிற்காலத்தில் கோயம்புத்தூர் இந்தியாவின் முதன்மையான மோட்டார், இறைப்பி உற்பத்தி மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. பண்ணைப்புரம் போன்ற கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களின் மானாவாரி மேட்டு நிலங்களில் தோண்டிய கிணறுகளுக்கும் கோவை மோட்டார் சென்றடைந்தது.

வானொலி

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஆம் ஆண்டிலும் திருச்சி நிலையம் 1939 ஆம் ஆண்டிலும் ஒலிபரப்பைத் தொடங்கின. வானொலிப் பெட்டியோ செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. ஐந்து வால்வுகள் கொண்ட பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று 1941 ஆம் ஆண்டில் நாயுடு அறிவித்தார்.

இவை தவிர, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவுக் கருவி ஆகியவற்றையும் உருவாக்கினார். மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் தாமே போட்டியிட்டுத் தோற்றவர் என்பதால் வாக்குப்பதிவில் இவருக்கு ஆர்வம் எழுந்திருக்கலாம். இந்தியத் தேர்தல் ஒன்றில் மின்னணு வாக்குப்பதிவுக் கருவி முதன்முதலாகப் பயன்பட்டது 1982 ஆம் ஆண்டில், கேரளத்தின் பறவூரில். நாயுடு இறந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தொழிற்கல்வி

1944 ஆம் ஆண்டில் போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிய நாயுடு, ஆராய்ச்சி மாணவர்களுக்கான உதவித்தொகை, பணியாளர் நலத் திட்டங்கள் ஆகியவற்றை அறிவித்தார். இவரது முயற்சியாலும் நன்கொடையாலும் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் ஒரு பல்தொழில்நுட்பப் பயிலகமும் 1945 ஆம் ஆண்டில் ஒரு பொறியியல் கல்லூரியும் கோவையில் தோன்றின. அக்கல்லூரியே பின்னர் தடாகம் சாலையில் அமைந்த அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்ற நாயுடு, பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்று வாதிட்டார். அரசு இதனை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். பட்டறையில் கற்றவர் என்ற முறையில் இவரது கருத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் கணிதத்தையும் அடிப்படை அறிவியலையும் இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்குவது எல்லோருக்கும் இயலுமா என்ற கேள்விக்குத் தன் வழியில் தானே கற்ற ஒருவரின் வாழ்க்கையை மட்டும் விடையாகக் கொள்ள முடியாது. கைவேலைக்குப் பாடத்திட்டத்தில் உள்ள இடம் போதாது என்ற இவரது குறைபாடு இன்றும் பொறியியல் கல்லூரிகளைப் பற்றிச் சொல்லப்படுவதே.

இரண்டாயிரம் ரூபாய் கார்

1952 ஆம் ஆண்டில் நாயுடு இருவர் அமரக்கூடிய, பெட்ரோலில் ஓடும் சிறு கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய் மட்டுமே. வண்டி ஓடியது. ஆனால் தொடர்ந்து உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிடைக்காததால் முயற்சி நின்றுபோனது.

1951 ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பட்டியலிட்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்கவும் உற்பத்தியைப் பெருக்கவும் மைய அரசின் உரிமம் கட்டாயம் ஆனது. நாட்டின் கார்ச் சந்தை மிகச் சிறியது, அதில் சில நிறுவனங்களே முழு உற்பத்தி செய்யட்டும் என்பது அன்றைய கொள்கை. 1953 ஆம் ஆண்டின் சுங்கவரி ஆணையப் பரிந்துரைக்குப் பின், பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் வெளியேறின. அரிதான அந்நியச் செலாவணியையும் எஃகையும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய அரசுக்கு இதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குள் கோவைப் பட்டறையில் உருவான ஒரு சிறு காருக்கு இடம் இல்லை என்பதும் உண்மை. நடுத்தரக் குடும்பத்துக்கான சிறு கார் என்ற எண்ணம் நாட்டில் நிறைவேற, மாருதி 800 வெளிவந்த 1983 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உரிமம், வரி ஆகியவை தொடர்பாக அரசுடன் நாயுடுவுக்குக் கசப்பு நீடித்தது. 1950களில் தாம் உருவாக்கிய பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்பைக் காட்டினார். இது அன்று தமிழ்நாட்டில் பெரிதும் பேசப்பட்டது.

வேளாண்மை

உழவர் குடும்பத்தில் பிறந்த நாயுடு தம் பண்ணையில் பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புதிய வகைகளை வளர்த்தார். இயற்பியலாளர் ச. வெ. இராமன், பொறியாளர் மோ. விசுவேசுவரய்யா ஆகியோர் இப்பண்ணைக்கு வந்து பார்த்துள்ளனர். கட்டடத் துறையிலும் கை வைத்த இவர், காலை 6 மணிக்கு அடித்தளம் இட்டு மாலை 5 மணிக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார்.

இறுதிக் காலமும் நினைவுச் சின்னங்களும்

1967 ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு தொழிற் பொருட்காட்சி நிறுவப்பட்டது. தொழிற்சாலையைப் பார்க்க வாய்ப்பில்லாத பள்ளி மாணவர்கள் எந்திரங்களை அருகில் நின்று பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கோவை அவிநாசி சாலையில் உள்ள பிரசிடெண்ட் ஹால் கட்டடத்தில் இப்பொருட்காட்சி அமைந்துள்ளது. நாயுடு 1974 சனவரி 4 அன்று தமது 80 ஆம் வயதில் காலமானார்.

இவரது மகன் ஜி. டி. கோபால் 2015 ஆம் ஆண்டில் அதே வளாகத்தில் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார். நாயுடுவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 2018 ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் படமாகத் தேர்வு பெற்றது. அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலம், ஜி. டி. நாயுடு மேம்பாலம் என்ற பெயருடன் 2025 அக்டோபர் 9 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. தொழிற் பொருட்காட்சியும் கார் அருங்காட்சியகமும் இதே சாலையில்தான் உள்ளன.